நாம் எழுதாத நிரலுக்கும் நாமே பொறுப்பு

பெங்களூரு மெஜஸ்டிக் ரயில் நிலையத்தை ஒட்டி ஒக்கலிபுரம். அதை அடுத்து ஸ்ரீராமபுரம். ஆலை வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று மென்பொருள் நிறுவனங்களில் உட்கார்ந்து செயலி எழுதுகிறார்கள். அதே தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவரும், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் பறக்கும் இளைஞரும், வீட்டு வேலைக்குப் போகும் அக்காவும் அந்தச் செயலிகளை நம்பித்தான் பிழைக்கிறார்கள். செயலியை எழுதுகிறவரும் அதில் தன் விவரங்களை ஒப்படைக்கிறவரும் இவ்வளவு நெருக்கமாக வாழும் ஊர்கள் குறைவு. செயலிகளுக்குள் சேர்க்கப்படும் அயல் நிரல்கள் குறித்து ஆப்பிளும் கூகுளும் அடுத்தடுத்துப் போட்டுவரும் விதிகளை இந்தத் தெருவிலிருந்து பார்த்தால்தான் அவற்றின் கனம் புரியும்.

ஒரு செயலியில் நமக்குத் தெரிவது ஒரு நிறுவனத்தின் பெயரும் சின்னமும். உள்ளே இருப்பதோ பலருடைய வேலை. ‘கூகுள் மூலம் உள்நுழைக’ என்ற பொத்தான் ஒருவருடையது. பணம் கட்டும் திரை இன்னொருவருடையது. வரைபடம், அறிவிப்பு, விளம்பரம், செயலி பாதியில் நின்றுபோனால் ஏன் நின்றது என்று தகவல் அனுப்பும் நிரல், எந்த விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் அந்தச் செயலியை இறக்கினீர்கள் என்று கணக்கு வைக்கும் நிரல் என ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வருகிறது. துறையினர் இவற்றை லைப்ரரி என்றும் எஸ்டிகே என்றும் சொல்கிறார்கள். பெரும்பாலானவை இலவசம். நாலைந்து பேர் கொண்ட சிறு நிறுவனம் இவற்றையெல்லாம் தானே எழுத உட்கார்ந்தால் ஆறு மாத வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். லைப்ரரி சேர்ப்பதில் தவறே இல்லை. அது இல்லாமல் இந்தத் தொழிலே இல்லை.

தவறு தொடங்கும் இடம் வேறு. வழக்கமாக, செயலிக்குள் சேர்ந்துவிட்ட லைப்ரரிக்கென்று கைபேசி தனியாக அனுமதி கேட்பதில்லை. செயலிக்கு எந்தெந்த அனுமதி உண்டோ, அவையெல்லாம் அதற்கும் உண்டு. ‘உங்கள் இருப்பிடத்தை அறியலாமா?’ என்று கேட்கும்போது, சாப்பாடு வந்து சேரட்டும் என்று ‘சரி’ சொல்கிறோம். அந்தச் ‘சரி’ உள்ளே இருக்கும் விளம்பர நிரலுக்கும் சேர்த்துச் சொன்னது என்பது நமக்குத் தெரியாது. பல நேரங்களில் செயலியை எழுதியவருக்கே தெரியாது.

2020 மார்ச்சில், ஊரடங்கில் உலகமே ஜூம் செயலிக்குள் கூடியிருந்தபோது, மதர்போர்டு இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. ஐபோனில் ஜூமைத் திறந்ததும், கைபேசியின் மாடல், எந்த ஊர், எந்த நேர மண்டலம், எந்த அலைபேசி நிறுவனம், விளம்பரத்துக்கான அடையாள எண் ஆகியவை ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தன. ஃபேஸ்புக் கணக்கே இல்லாதவர்களின் விவரமும் போனது. காரணம், ‘ஃபேஸ்புக் மூலம் உள்நுழைக’ என்ற ஒரு வசதிக்காகச் சேர்த்த எஸ்டிகே. தேவையில்லாத விவரங்களை அது திரட்டியது தங்களுக்குப் பிறகே தெரியவந்தது என்று சொல்லி ஜூம் அதை நீக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே தன் செயலிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை என்றால், ராஜாஜிநகரில் மாடி அறை ஒன்றில் இயங்கும் நிறுவனத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை அமெரிக்கக் கதையாக மட்டும் பார்த்து நகர்ந்துவிட முடியாது. பெங்களூருவுக்கு இதில் சொந்த வரலாறு உண்டு. கைபேசி விளம்பரத் துறையில் இந்தியாவிலிருந்து உலக அளவுக்கு வளர்ந்த நிறுவனம் இங்குள்ள இன்மொபி. ஆயிரக்கணக்கான செயலிகளுக்குள் அதன் விளம்பர எஸ்டிகே இருந்தது. உலகம் முழுக்க நூறு கோடிக்கு மேற்பட்ட கருவிகளை அது எட்டியதாகக் கணக்கு. 2016 ஜூனில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்நிறுவனத்தின் மீது வைத்த குற்றச்சாட்டை, செயலி எழுதும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். பயனர் இருப்பிட அனுமதியை மறுத்தாலும், கைபேசியைச் சுற்றியுள்ள வைஃபை இணைப்புகளின் அடையாளங்களைக் கொண்டு அவர் எங்கே இருக்கிறார் என்று கணித்து, அதை வைத்து விளம்பரம் காட்டியது என்பது குற்றச்சாட்டு. அனுமதி தந்தவர்களிடமிருந்து எந்த வைஃபை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு தரவுத்தளம் கட்டப்படும். மறுத்தவரின் கைபேசி அதே வைஃபையின் அருகே வந்தால் அவரது இடமும் தெரிந்துவிடும். பெற்றோர் சம்மதமின்றிக் குழந்தைகளுக்கான செயலிகளில் தகவல் திரட்டியதாகவும் புகார் இருந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. 40 லட்சம் டாலர் அபராதம், நிறுவனத்தின் நிதிநிலை கருதி 9.5 லட்சம் டாலராகக் குறைந்தது. திரட்டிய இருப்பிடத் தகவலை அழிக்க வேண்டும், 20 ஆண்டுகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியார் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்பவை மற்ற நிபந்தனைகள்.

அந்தப் புகார் மனுவில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. இன்மொபி தன் எஸ்டிகே பற்றிச் சொன்னதும் உண்மையில் நடந்ததும் வேறு வேறாக இருந்ததால், அதைச் சேர்த்துக்கொண்ட செயலி உருவாக்குநர்களால் தங்கள் பயனர்களுக்குச் சரியான தகவலைச் சொல்ல முடியாமல் போயிற்று என்கிறது ஆணையம். அதாவது, உருவாக்குநரும் ஏமாந்தார், பயனரும் ஏமாந்தார். இன்று நடைமுறைக்கு வந்திருக்கும் விதிகளின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆப்பிள் 2023 ஜூனில் புதிய ஏற்பாட்டை அறிவித்தது. ஒவ்வொரு செயலியும், பரவலாகப் பயன்படும் ஒவ்வொரு லைப்ரரியும், தன்னிடம் ஓர் அந்தரங்க அறிக்கைக் கோப்பை வைத்திருக்க வேண்டும். என்ன தகவல் திரட்டுகிறேன், எதற்காக, பயனரைப் பின்தொடர்கிறேனா, ஆம் என்றால் எந்த இணைய முகவரிகளுக்கு அனுப்புகிறேன் என்று அதில் எழுத வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் லைப்ரரிகளின் பட்டியல் ஒன்றும் வெளியானது. ஃபயர்பேஸ், ஃபேஸ்புக், ஒன்சிக்னல், அலமோஃபயர், லாட்டி, ரெல்ம், ஃபிளட்டர் என இங்குள்ள செயலி எழுதுகிறவர்கள் அன்றாடம் புழங்கும் பெயர்கள் அதில் உண்டு. கட்டி முடித்த வடிவில் தரப்படும் லைப்ரரி என்றால், அது உண்மையாகவே அந்த நிறுவனத்திடமிருந்துதான் வந்தது என்பதற்கு டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். 2024 மார்ச் 13 முதல் எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்தன. மே 1 முதல், காரணம் சொல்லாத செயலிகளை ஆப் ஸ்டோர் ஏற்கவில்லை. 2025 பிப்ரவரி 12 முதல், பட்டியலில் உள்ள லைப்ரரியைப் புதிதாகச் சேர்த்தால் அதன் சொந்த அறிக்கையும் கட்டாயமாயிற்று.

‘காரணம்’ என்று ஆப்பிள் கேட்பது ஐந்து வகைச் செயல்பாடுகளுக்கு. கோப்பின் தேதி நேரத்தைப் பார்ப்பது, கைபேசி கடைசியாக எப்போது இயக்கப்பட்டது என்று பார்ப்பது, எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது, எந்தெந்த விசைப்பலகைகள் உள்ளன என்று பார்ப்பது, செயலியின் விருப்ப அமைப்புகளைச் சேமித்து எடுப்பது. கேட்டால், இதில் அந்தரங்கம் எங்கே வந்தது என்று தோன்றும். ஆனால் பெயரும் எண்ணும் இல்லாமலே ஓர் ஆளை அடையாளம் காண இவை போதும். ஒக்கலிபுரத்தில் ஒருவரின் கைபேசியில் ஆங்கிலம், கன்னடம், தமிழ், உருது நான்கு விசைப்பலகைகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சேர்க்கையே அவரைப் பெருங்கூட்டத்திலிருந்து சிறு கூட்டத்துக்குள் கொண்டுவந்துவிடும். அத்துடன் கைபேசி இயக்கப்பட்ட துல்லியமான நேரத்தையும் மிச்சமுள்ள இடத்தையும் சேர்த்தால், அடுத்த செயலியில் அவர் நுழையும்போதும் இவர்தான் என்று சொல்லிவிடலாம். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பின்தொடர வேண்டுமானால் பயனரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று ஆப்பிள் விதித்தபோது, முன்வாசல் அடைபட்டது. இந்த ஐந்தும் பின்வாசல். பல மொழி பேசும் எளிய மனிதர்கள்தான் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வேதனை.

சிறு நிறுவனங்களுக்கு இந்த விதி தந்த தலைவலி கொஞ்சநஞ்சமல்ல. செயலியின் புதிய பதிப்பை ஏற்றியதும் ஆப்பிளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: இன்ன கோப்பில் இன்ன செயல்பாடு பயன்படுகிறது, காரணம் இல்லை. தேடிப் பார்த்தால், அது அவர்கள் எழுதிய நிரலிலேயே இருக்காது. அவர்கள் சேர்த்த ஒரு லைப்ரரி, தனக்கு வேண்டும் என்று இழுத்து வந்த இன்னொரு லைப்ரரியில் இருக்கும். அதை எழுதியவர் நாலைந்து ஆண்டுகளாகத் தொடாமல் விட்டிருப்பார். புதிய பதிப்புக்கு மாற்றினால் வேறு நாலு இடத்தில் உடையும். வாடிக்கையாளரோ நாளைக்கே வெளியிட வேண்டும் என்று நிற்பார். இந்த நெருக்கடியில், வேறொருவர் எழுதிய காரணத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டி, ஏற்றுக்கொண்டால் போதும் என்று விட்டுவிடும் சபலம் வரும். அது கூடாது. நகலெடுத்த காரணம் பொய்ச் சான்று. இன்று ஆப்பிளின் சோதனையைத் தாண்டிவிடும். நாளை ஒரு விசாரணையில், தெரிந்தே எழுதியதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

கூகுள் பக்கம் நிலைமை இதைவிடத் தளர்வு. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு செயலிக்கும் தரவுப் பாதுகாப்பு என்ற பகுதி 2022 ஜூலை 20 முதல் கட்டாயம். சேர்த்துக்கொண்ட லைப்ரரிகள் திரட்டுவதையும் அதில் சொல்ல வேண்டும். ஆனால் சொல்வது உருவாக்குநரே. 2023 பிப்ரவரியில் மோசில்லா அமைப்பு பெயர்பெற்ற 40 செயலிகளை எடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய 80 விழுக்காட்டில், அந்தப் பகுதியில் சொன்னதும் அந்தச் செயலிகளின் சொந்த அந்தரங்கக் கொள்கையில் எழுதியிருந்ததும் பொருந்தவில்லை. லைப்ரரிகளைச் செயலியிலிருந்து பிரித்துத் தனி அறையில் ஓட வைக்கும் திட்டம் ஒன்றும் கூகுளிடம் இருந்தது. 2022இல் ஆண்ட்ராய்டுக்கான பிரைவசி சாண்ட்பாக்ஸ் என்ற பெயரில் அறிவித்தார்கள். நோயின் மூலத்தைத் தொட்ட திட்டம் அது. 2025 அக்டோபரில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஆனாலும் ஆப்பிள், கூகுள் போன்ற மேடைகளின் விதிகளால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். உடனடிக் கடன் செயலிகள் நம் ஊர்களில் செய்த அட்டூழியம் நினைவிருக்கும். கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் அள்ளிக்கொண்டு, தவணை தவறியவரின் உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டு அவமானப்படுத்தினார்கள். உயிரை விட்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பர் 2 அன்று ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலை வெளியிட்டு, இத்தகைய செயலிகள் தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள், கோப்புகள் பக்கமே போகக் கூடாது என்றது. 2023 மே 31 முதல் கூகுளும் கடன் செயலிகளுக்குத் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கத் தடை போட்டது. அரசின் ஒழுங்குமுறையும் செயலிக் கடைக்காரரின் விதியும் ஒரே திசையில் நின்றபோது பலன் தெரிந்தது.

கடைக்காரரை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது என்பதுதான் என் வாதம். ஆப்பிளுக்கும் விளம்பர வருமானம் உண்டு; கூகுளுக்கு அதுவே உயிர். பயனரிடம் அனுமதி கேட்கும் ஏற்பாட்டை ஆப்பிள் நடைமுறைப்படுத்திய விதம் சிறு வெளியீட்டாளர்களைப் பாதிக்கிறது என்று சொல்லி, 2025 மார்ச் 31 அன்று பிரான்சின் போட்டி ஆணையம் 15 கோடி யூரோ அபராதம் போட்டது. மேடைக்குச் சொந்தக்காரர்கள் தங்களுக்கு வசதியான அளவுக்கே அந்தரங்கம் காப்பார்கள். நம்மைக் காக்க வேண்டியது நம் சட்டம்.

அந்தச் சட்டத்தின் தொடக்கமும் பெங்களூருவோடு சேர்ந்ததுதான். கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்று இந்த நகரத்தில் வாழ்ந்த நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகச் சொன்னது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் உயிர்பெறும்.

சட்டத்தின் 8ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு ஒன்றே நம் விஷயத்துக்குப் போதும். தரவைத் திரட்டும் நிறுவனம், தன் சார்பில் வேறொருவர் அதைக் கையாண்டாலும், அவரோடு என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், சட்டப்படி தானே பொறுப்பு. கல்யாணச் சாப்பாட்டைக் காண்ட்ராக்டுக்கு விட்டாலும், பந்தியில் குறை வந்தால் பத்திரிகையில் பெயர் போட்டவர்தானே பதில் சொல்ல வேண்டும்? ‘அது லைப்ரரி செய்த வேலை, எனக்குத் தெரியாது’ என்ற பதில் இனிச் செல்லாது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். எங்களுக்கு விலக்கு வருமாமே என்று ஸ்டார்ட்அப் நடத்தும் நண்பர்கள் கேட்கிறார்கள். 17ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு ஸ்டார்ட்அப்களுக்குச் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்பது உண்மை. அந்தப் பட்டியலில் 8(1) இல்லை. பாதுகாப்பு ஏற்பாடு பற்றிய உட்பிரிவும் இல்லை.

கசிவு என்பது வெறும் கற்பனை அல்ல. பெரிய வணிகச் செயலிகள் பலவற்றுக்குப் பணம் செலுத்தும் வசதி தரும் பெங்களூரு நிறுவனமான ஜஸ்பேயின் தரவு 2020 ஆகஸ்டில் ஊடுருவப்பட்டது 2021 ஜனவரியில் வெளியே வந்தது. பாதி மறைக்கப்பட்ட அட்டை விவரங்கள் கொண்ட 3.5 கோடிப் பதிவுகள். கடையில் பொருள் வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை அதற்கு முன் கேட்டிருப்பார்கள்?

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி வரை. இது ஏன் தேவை என்பதற்குச் சான்று வெளியில் தேட வேண்டாம். 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்த அறிக்கையை வெளியிட்டது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது, குழந்தைகளின் தரவைத் திரட்டுபவையாகவோ திரட்டக்கூடியவையாகவோ இருந்தன. நம் மத்திய அரசின் தீக்ஷா செயலியும் அந்தப் பட்டியலில் இருந்தது. மாணவர்களின் விளம்பர அடையாள எண் அதிலிருந்து கூகுளுக்குப் போனதாக அறிக்கை சொன்னது. தீக்ஷாவுக்கு அடித்தளமான சன்பேர்ட் மென்பொருள் உருவானது பெங்களூருவின் எக்ஸ்டெப் அறக்கட்டளையில். நல்ல நோக்கத்தோடு, திறமையானவர்கள் உருவாக்கிய செயலி அது. அதிலும் இப்படி நடந்தது என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய விஷயம்.

சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி மொழி பற்றியது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ பயனர் கேட்டுப் பெறலாம். ஸ்ரீராமபுரத்து அக்காவுக்குத் தமிழில், அவர் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கன்னடத்தில் அல்லது உருதில். செயலி எழுதுகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. செயலிக்குள் இருக்கும் ஒவ்வொரு லைப்ரரியையும் எடுத்து, இது உங்களிடமிருந்து எதை எடுக்கிறது, யாருக்கு அனுப்புகிறது, எதற்கு என்று அந்த அக்காவுக்குப் புரியும்படி மூன்று வரி எழுதிப் பாருங்கள். எழுத முடிகிறதா, இருக்கட்டும். முடியவில்லையா, அந்த லைப்ரரி உங்கள் செயலியில் இருக்கக் கூடாது.

பொறுப்பு சிறு நிறுவனங்களுக்கு மட்டும் அல்ல. உலகச் செயலிகளுக்கு எஸ்டிகே தரும் நிறுவனங்கள் பலவும் இந்த ஊரில்தான் இருக்கின்றன: ரேசர்பே, ஜஸ்பே, மோஎங்கேஜ், ஹைப்பர்வெர்ஜ், இன்மொபி. தங்கள் எஸ்டிகே என்ன எடுக்கிறது என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் எளிய மொழியில் வெளியிட இவர்கள் முன்வர வேண்டும். தேவையில்லாத திரட்டலை நிறுத்தும் பொத்தான் தொடக்கத்திலேயே நிறுத்திய நிலையில் வர வேண்டும். உருவாக்குநர் ஆவணத்தின் நாற்பதாம் பக்கத்தில் தேடிப் பிடித்து நிறுத்தும்படி வைக்கக் கூடாது. சிறு நிறுவனங்கள் தங்கள் செயலியைக் கொண்டுவந்து இலவசமாகச் சோதித்துக்கொள்ளும் மையம் ஒன்றைக் கர்நாடக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை திறக்கலாம். ஓசூர், கோவைப் பக்கம் தமிழக அரசும் செய்யலாம். பொறியியல் கல்லூரிகளில் செயலி எழுதச் சொல்லிக்கொடுப்பவர்கள், லைப்ரரி சேர்ப்பது எப்படி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சேர்த்தபின் அது எங்கெங்கே பேசுகிறது என்று பார்ப்பது எப்படி என்பதும் பாடமாக வேண்டும்.

செயலி எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். 2027 மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று ஒத்திப்போடாதீர்கள். இந்த வாரமே உங்கள் செயலியின் லைப்ரரிப் பட்டியலை முழுதாக எடுங்கள்; நீங்கள் சேர்த்தவை, அவை இழுத்து வந்தவை இரண்டையும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஏன் சேர்த்தோம், யார் சேர்த்தார்கள், இப்போதும் தேவையா என்று எழுதுங்கள். பதில் இல்லாதவற்றை அடுத்த பதிப்பிலேயே நீக்கிவிடுங்கள்.